ஆளு எங்க நிக்கிறாருன்னு பாருங்க: பேஸ்பால் இன்ஃபீல்டர் கரியரப் படிக்க ஒரு வழிகாட்டி

பேஸ்பால் பாக்க ஆரம்பிச்ச புதுசுல நான் பண்ண தப்பு, யாரோட பேரத் தேடினாலும் நேரா பேட்டிங் சராசரிக்குத்தான் போவேன். கிரிக்கெட் பாத்து வளந்த கண்ணு, வேற எங்க போகும். அப்படி ஒரு நாள் .276னு ஒரு நம்பரப் பாத்துட்டு, அதாவது ஆயிரம் தடவ பேட் பண்ணா 276 ஹிட்டு, இதுக்கா இவ்ளோ பேச்சுன்னு மூடி வச்சிட்டுப் போயிட்டேன். அந்த ஆளு கால் ரிப்கன் ஜூனியர். பால்டிமோர் ஓரியோல்ஸ் ஒரே டீமுக்கு 1981லேர்ந்து 2001 வரைக்கும் 21 சீசன், 3,001 மேட்ச், 3,184 ஹிட்டு, 431 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி, பந்த மைதானத்துக்கு வெளிய அடிக்கிறது). நான் பாக்காம விட்டது என்னன்னா அவர் அந்த 3,001ல 2,302 மேட்ச் ஷார்ட்ஸ்டாப்ங்கிற ரொம்பக் கஷ்டமான ஃபீல்டிங் இடத்துல நின்னிருக்காரு. அந்த ஒரு விஷயம் தெரியாம அந்த .276ஐ படிக்கிறது, விக்கெட் கீப்பரான்னு தெரியாம ஒருத்தரோட பேட்டிங் சராசரிய மட்டும் பாத்து டீம்லேர்ந்து தூக்குற மாதிரி.

அதனால புதுசா வர்றவங்களுக்கு, ஒரு இன்ஃபீல்டரோட, அதாவது பேஸ்களுக்குப் பக்கத்துல நின்னு ஃபீல்டிங் பண்றவரோட, கரியர எந்த வரிசையில படிக்கணும்னு, ரிப்கன வச்சே சொல்றேன். பேஸ்பால்ல பேஸ்னா என்ன, அவுட்னா என்னங்கிற அளவுக்குத் தெரிஞ்சா போதும்.

முதல் படி: நாலு இடமும் ஒண்ணு இல்ல

பேட்ஸ்மேன் நிக்கிற இடத்துலேர்ந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு 90 அடி. சராசரி ஆளு அத ஓடிக் கடக்க நாலு செகண்டுக்குக் கொஞ்சம் மேல ஆகும். தரையில உருண்டோ குதிச்சோ வர்ற பந்த, அதத்தான் க்ரௌண்டர்ங்கிறாங்க, எடுத்து, க்ளவுஸ்லேர்ந்து கைக்கு மாத்தி, ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிஞ்சு முடிக்க அவ்ளோ நேரம்தான் இருக்கு, அதுல பாதிய பந்தே தின்னுடும். இன்ஃபீல்டர் வேலைன்னா மொத்தமும் இந்த நாலு செகண்டுதான்.

நாலு பேரு நிப்பாங்க. ஃபர்ஸ்ட் பேஸ்ல நிக்கிறவருக்கு முக்கிய வேலை மத்த மூணு பேரும் எறியிறத பிடிக்கிறது, அதனால உயரமா, பலமா, கொஞ்சம் மெதுவா இருந்தாலும் பரவால்ல, ஆனா அடிக்கணும், நல்லா அடிக்கணும். செகண்ட் பேஸ்காரர் எறியிற தூரம் கம்மி, ஆனா டபுள் ப்ளே, அதாவது ஒரே பந்துல ரெண்டு பேர அவுட்டாக்குறது, வர்றப்ப பந்த வாங்கி திரும்பி எறியிற அந்த நொடியில ஓடி வர்ற ஆளு காலுக்குக் கீழ சறுக்கிட்டு வருவான். தேர்டு பேஸுக்கு ‘ஹாட் கார்னர்’னே ஒரு பேரு இருக்கு, பேட்டுலேர்ந்து கிளம்புன பந்து மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கும், கால் வேகத்த விட அனிச்சையா கை போறதும் தோள் பலமும்தான் அங்க பேசும்.

ஷார்ட்ஸ்டாப் செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவுல, பேஸே இல்லாத இடத்துல நிக்கிறவரு. வலது கை பேட்ஸ்மேன்தான் அதிகம், அவங்க இழுத்து அடிக்கிறது இந்தப் பக்கம்தான் வரும், கவர் பண்ண வேண்டிய பரப்பும் அதிகம், எறியிற தூரமும் அதிகம். பள்ளிக்கூட டீம்கள்ல இருக்கறதுலயே திறமையான பையனத்தான் இங்க நிறுத்துவாங்க. இன்னொண்ணு, ஃபர்ஸ்ட் பேஸ் தவிர மத்த மூணு இடத்துலயும் இடது கையால எறியிறவங்கள பாக்கவே முடியாது, ஏன்னா பந்த எடுத்துட்டு உடம்ப முழுசா திருப்பித்தான் ஃபர்ஸ்டுக்கு எறியணும், அதுக்குள்ள ஓடுறவன் போய்ச் சேந்துருவான்.

ஸ்கோர் எழுதறப்ப ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர்: ஃபர்ஸ்ட் 3, செகண்ட் 4, தேர்டு 5, ஷார்ட் 6. கமெண்டரியில ‘6-4-3 டபுள் ப்ளே’ன்னா ஷார்ட் எடுத்து செகண்டுக்குக் குடுத்து அவரு ஃபர்ஸ்டுக்கு எறிஞ்சு ரெண்டு பேரு காலின்னு அர்த்தம். இத மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, பாதி கமெண்டரி புரிஞ்சிடும்.

இந்த ஏணி தெரிஞ்சா பேட்டிங் நம்பரோட வெலை மாறும். ஆஸி ஸ்மித்னு ஒரு ஷார்ட்ஸ்டாப், கரியர் முழுக்க சேத்து 28 ஹோம் ரன், சராசரி .262. ஃபர்ஸ்ட் பேஸ்ல நிக்கிற ஒருத்தர் இத வச்சிருந்தா அந்த வேலையில நீடிச்சிருக்கவே முடியாது. ஸ்மித் 13 கோல்டு க்ளவ் (அந்தந்த இடத்துல சிறந்த ஃபீல்டருக்கான விருது) வாங்கி, 2002ல முதல் ஓட்டெடுப்புலயே ஹால் ஆஃப் ஃபேம், அதாவது பேஸ்பால் ஜாம்பவான்களோட பட்டியலுக்குப் போனாரு.

ரிப்கன் உயரம் 6 அடி 4 அங்குலம். அவர் காலத்து ஷார்ட்ஸ்டாப்னா ஒல்லியா துருதுருன்னு இருக்கணும், பேட்ல எதாவது வந்தா லாபம். இவ்ளோ பெரிய உடம்ப வச்சிட்டு அங்க நிக்கலாமான்னு ரொம்பப் பேருக்கு சந்தேகம். அந்த இடத்துல நின்னுக்கிட்டே ஃபர்ஸ்ட் பேஸ்காரர் மாதிரி அடிச்சாரு பாருங்க, அதான் கதை. ஷார்ட்ஸ்டாப்பா மட்டும் 345 ஹோம் ரன்.

அடுத்தது, எங்கேர்ந்து வந்தாருன்னு பாருங்க

அமெரிக்கப் பசங்க ட்ராஃப்ட் வழியா வருவாங்க, பள்ளிக்கூடத்துலேர்ந்தோ காலேஜ்லேர்ந்தோ, டீம்கள் வரிசை போட்டு ஆள எடுக்கும். டொமினிக்கன் ரிபப்ளிக், வெனிசுவேலா பசங்களுக்கு ட்ராஃப்ட் கிடையாது, 16 வயசுலயே கையெழுத்து போட்டுடலாம். ஒருத்தர் 20 வயசுல மேஜர் லீக், அதாவது உச்ச லீக், வந்துட்டாருன்னா அதுக்குப் பின்னாடி நாலு வருஷ மைனர் லீக், அதாவது கீழ்மட்ட லீக், இருக்கலாம்.

ரிப்கன 1978ல ரெண்டாவது ரவுண்டுல 48ஆவது ஆளா பால்டிமோர் எடுத்துச்சு. பள்ளிக்கூடத்துல பிட்சரா, அதாவது நம்ம பௌலர் மாதிரி, பந்து போட்டவரு, பல டீம் அவர பிட்சராத்தான் பாத்துச்சு. அப்பா கால் ரிப்கன் சீனியர் அதே ஓரியோல்ஸ்ல மைனர் லீக் மேனேஜரா, கோச்சா காலம் தள்ளினவரு. முதல் சீசன் ப்ளூஃபீல்டுங்கிற சின்ன ஊரு, 63 மேட்ச்ல ஒரு ஹோம் ரன்கூட இல்ல. பின்னாடி 431 அடிக்கப்போற ஆளு!

மைனர் லீக்னா இப்ப அடியில பயிற்சி மைய லீக், மேல சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏன்னு படி. சம்பளம் ரொம்ப காலம் கேவலமா இருந்துச்சு, 2023ல வந்த ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் ட்ரிபிள் ஏல குறைஞ்சபட்சம் வருஷத்துக்கு 35,800 டாலர்னு ஆச்சு, அதுக்கு முன்னாடி 17,500. பஸ்ஸுல விடிய விடியப் பயணம், கிடைச்ச எடத்துல சாப்பாடு. 1981 ஏப்ரல்ல ரிப்கன் ரோசெஸ்டர்ங்கிற ட்ரிபிள் ஏ டீமுக்கு தேர்டு பேஸ்ல நின்ன ஒரு மேட்ச், பாட்டக்கெட்ல நடந்தது, வழக்கமா ஒன்பது இன்னிங்ஸ்ல முடியறது 32 இன்னிங்ஸ் போயும் முடியாம காலைல நாலு மணிக்கு மேல நிறுத்தி வச்சு, ஜூன்ல திரும்பக் கூடி 33ஆவது இன்னிங்ஸ்ல முடிச்சாங்க. தொழில்முறை பேஸ்பால்ல அதான் இருக்கறதுலயே நீளமான மேட்ச். ரிப்கன் 13 தடவ பேட் பண்ணி 2 ஹிட்டு. எதிர் டீமோட தேர்டு பேஸ்ல வேட் பாக்ஸ், அவரும் பின்னாடி ஹால் ஆஃப் ஃபேம்.

இங்க கவனிக்க வேண்டியது, மைனர்ல ஒவ்வொரு வருஷமும் எந்த இடத்துல நிறுத்தினாங்கன்னு. ஷார்ட்ஸ்டாப்பா எடுத்த பையன டபுள் ஏல திடீர்னு செகண்ட், தேர்டுன்னு மாத்தி மாத்தி நிறுத்தினா, ஒண்ணு அவனுக்கு ஷார்ட் தாங்காதுன்னு முடிவு பண்ணிட்டாங்க, இல்லன்னா மேல இருக்கற டீம்ல அந்த இடம் காலியா இல்ல. மேனி மச்சாடோ ஷார்ட்ஸ்டாப்பா வளந்தவரு, 2012ல 20 வயசுல பால்டிமோர் வந்தப்ப ஷார்ட்ல ஜே.ஜே. ஹார்டி இருந்தாரு, அதனால தேர்டு பேஸுக்குப் போனாரு. திறமை கம்மின்னு இல்ல, நாற்காலில ஆளு உக்காந்திருந்தாரு, அவ்ளோதான்.

முதல் வருஷத்த வச்சு தீர்ப்பு எழுதாதீங்க

ரிப்கன் 1981 ஆகஸ்ட் 10ல மேஜர் லீக்ல முதல் முறையா இறங்கினது பேட் பிடிக்கக்கூட இல்ல, கென் சிங்கிள்டனுக்குப் பதிலா ஓட விட்டாங்க, ஓடி வந்து ஜெயிக்கிற ரன்னப் போட்டாரு. அந்த வருஷம் மொத்தம் 39 தடவ பேட் பண்ணி 5 ஹிட்டு, .128. ஆனா டீம் என்ன பண்ணுச்சுன்னு பாருங்க, ஏற்கனவே தேர்டு பேஸ்ல இருந்த டக் டிசின்சஸ 1982 ஜனவரில வேற டீமுக்குத் தள்ளிவிட்டு இவருக்கு இடத்தக் காலி பண்ணுச்சு. .128 அடிச்ச பையனுக்கு! நம்பரப் பாத்தா புரியாது, டீம் யார வெளிய அனுப்புதுன்னு பாத்தா புரியும்.

1982 முதல் மேட்ச்ல ஹோம் ரன் அடிச்சிட்டு அப்புறம் ஏப்ரல் முழுக்க படுத்துட்டாரு. .125க்கும் கீழ. அப்பவும் மேனேஜர் எர்ல் வீவர் உக்கார வைக்கல, அதுக்கு மேல ஜூலை 1ஆம் தேதி அவர தேர்டுலேர்ந்து ஷார்ட்ஸ்டாப்புக்கே மாத்திட்டாரு. கஷ்டப்படற பையன இன்னும் கஷ்டமான இடத்துல நிறுத்துறதுக்கு ஒரு தைரியம் வேணும். வருஷக் கடைசில 28 ஹோம் ரன், ரூக்கி ஆஃப் தி இயர், அதாவது சிறந்த புதுமுகம். அடுத்த வருஷம் 1983ல .318, 27 ஹோம் ரன், லீகோட எம்விபி, அதாவது அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர். சீசனோட இறுதிப் போட்டியான வேர்ல்டு சீரிஸ் ஜெயிச்சப்ப கடைசி அவுட்டும் இவர் க்ளவுஸ்லதான் விழுந்துச்சு.

நம்பர்ல எது பொய் சொல்லும்

ஃபீல்டிங்ல எல்லாரும் முதல்ல பாக்கறது எரர், அதாவது பிடிச்சிருக்க வேண்டியத விட்டது. இதுல ஒரு ஓட்ட இருக்கு. பந்துகிட்ட போகவே முடியாத மெதுவான ஆளுக்கு எரர் வராது, அது ஹிட்டுன்னு எழுதிருவாங்க. உயிரக் குடுத்துப் பாய்ஞ்சு பந்தத் தொட்டவனுக்குத்தான் எரர் வரும். அதனால எரர பாத்தா பக்கத்துலயே அசிஸ்டையும் பாருங்க, அதாவது எத்தன பேர எறிஞ்சு அவுட்டாக்க உதவினாருன்னு. ரிப்கன் 1984ல 583 அசிஸ்ட், அமெரிக்கன் லீக் (மேஜர் லீக்கோட ரெண்டு பாதில ஒண்ணு) ஷார்ட்ஸ்டாப்ல அது சாதனை. மெதுவா ஓடுறவருன்னு பேரு வாங்கினவரு எப்படி இவ்ளோ பந்துகிட்ட போனாருன்னா, போகல, ஏற்கனவே அங்க நின்னிருந்தாரு. பிட்சர் என்ன பந்து போடப்போறாருன்னு தெரிஞ்சு வச்சு, இந்த பேட்ஸ்மேன் இந்தப் பந்த எங்க அடிப்பான்னு கணக்குப் போட்டு, பந்து கிளம்பறதுக்கு முன்னாடியே ஓரடி ரெண்டடி நகந்துப்பாரு. எனக்கு இந்த ஆட்டத்துலயே ரொம்பப் பிடிச்சது இதுதான், டிவில காட்டவே மாட்டாங்க.

1990ல முழு சீசனுக்கும் வெறும் 3 எரர். ஷார்ட்ஸ்டாப்ல. கோல்டு க்ளவ் யாருக்குக் குடுத்தாங்க? ஆஸி கியேனுக்கு! ரிப்கனுக்கு அடுத்த வருஷம்தான் வந்துச்சு. அப்ப அந்த விருதுங்கிறது மேனேஜர்களும் கோச்சுகளும் போட்ட ஓட்டு, அதுல பேரும் பழக்கமும் கலந்துதான் இருக்கும். இதுக்கு நேர் எதிரா நியூயார்க் யாங்கீஸ் டீமோட ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டர் அஞ்சு கோல்டு க்ளவ் வாங்கினாரு, ஆனா புது ஃபீல்டிங் கணக்குகள் எல்லாமே அவர சராசரிக்குக் கீழதான் வைக்குது, நியூயார்க் ரசிகர்கள்ட்ட இதச் சொன்னா சண்டைக்கு வருவாங்க. 2016லேர்ந்து ஒவ்வொரு பந்தையும் கேமராவுல அளந்து ‘அவுட்ஸ் அபவ் ஆவரேஜ்’னு ஒரு கணக்கு இருக்கு, இப்ப ஆடுறவங்களுக்கு அதப் பாருங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, 2023லேர்ந்து செகண்ட் பேஸுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இன்ஃபீல்டர் மண்ணுலயே நிக்கணும்னு விதி வந்துருச்சு, அதுக்கு முன்னாடி மூணு பேர ஒரே பக்கம் குவிப்பாங்க, அதனால ரெண்டு காலத்தையும் அப்படியே ஒப்பிடாதீங்க.

காசு விஷயம் சுருக்கமா. மேஜர் லீக்ல முதல் மூணு வருஷம் கிட்டத்தட்ட குறைஞ்சபட்ச சம்பளம்தான் (2023ல 7,20,000 டாலர், 2026ல 7,80,000), அடுத்த மூணு வருஷம் ஒத்துவரலன்னா நடுவர்ட்ட போய் சம்பளம் பேசலாம், ஆறு வருஷம் முடிஞ்சாதான் எந்த டீமுக்கும் போற சுதந்திரம். 21 வயசுல வந்தவன் 27ல சந்தைக்கு வருவான், 25ல வந்தவன் 31ல. இன்ஃபீல்டருக்கு இந்த நாலு வருஷம் ரொம்பப் பெருசு, ஏன்னு அடுத்ததுல தெரியும்.

இடம் மாறுற வருஷத்தக் கண்டுபிடிங்க

இந்தக் கட்டுரைல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கறதா இருந்தா இத வச்சுக்கோங்க. முப்பது தாண்டினா முதல்ல போறது கால்ல அந்த முதல் எட்டு. பேட் அப்படியே இருக்கும், ஷார்ட்ஸ்டாப்ல எடுத்துட்டிருந்த பந்து அரையடி தள்ளிப் போக ஆரம்பிக்கும். அப்ப தேர்டுக்கோ செகண்டுக்கோ நகத்துவாங்க, அப்புறம் ஃபர்ஸ்ட், அப்புறம் ஃபீல்டிங்கே இல்லாம பேட் மட்டும். ஏணில ஒவ்வொரு படி இறங்கறப்பவும் பேட்ட வச்சுதான் வேலையக் காப்பாத்திக்கணும். எர்னி பேங்க்ஸ் 1958, 59 ரெண்டு வருஷமும் ஷார்ட்ஸ்டாப்பா எம்விபி, 1962லேர்ந்து ஃபர்ஸ்ட் பேஸ். அலெக்ஸ் ரோட்ரிக்ஸ் கதை வேற, ஷார்ட்ஸ்டாப்ல ரெண்டு கோல்டு க்ளவ் வாங்கின கையோட 2004ல யாங்கீஸ் வந்தாரு, அங்க கேப்டன் ஜீட்டர் ஷார்ட்ல, அதனால நல்லா ஆடுறவரு தேர்டுக்குப் போனாரு. ஜீட்டர் கடைசி வரைக்கும் நகரல, ஃபீல்டுல நின்ன 2,674 மேட்சும் ஷார்ட்தான்.

ரிப்கன 1996 ஜூலைல டேவி ஜான்சன்னு மேனேஜர் ஆறு மேட்ச் தேர்டு பேஸுக்கு அனுப்பிப் பாத்தாரு. ஷார்ட்ல மேனி அலெக்சாண்டர். சரிப்பட்டு வரல, ரிப்கன் திரும்ப வந்துட்டாரு. 1997ல மைக் போர்டிக்க வாங்கிட்டு வந்து நிரந்தரமா மாத்தினாங்க, அப்ப ரிப்கனுக்கு 36 வயசு. அதுக்கப்புறம் தேர்டுலதான். இவ்ளோ நாள் ஷார்ட்ல தாக்குப்பிடிச்சதே அதிசயம்.

பெரும்பாலான இன்ஃபீல்டருக்கு இந்த மாதிரி கௌரவமா நகர்ற வாய்ப்பே வராது. பையில ரெண்டு மூணு சைஸ் க்ளவுஸ் வச்சுக்கிட்டு இன்னிக்கு செகண்ட் நாளைக்கு தேர்டுன்னு நிக்கிற யுடிலிட்டி ஆளாத்தான் முடிப்பாங்க. அந்த கரியரையும் ஒண்ணு எடுத்துப் படிங்க, பேரு பெருசா இல்லாதவங்கதான், ஆனா இந்தத் தொழில் எப்படி நடக்குதுன்னு அவங்ககிட்டதான் தெரியும்.

அந்த 2,632

இதச் சொல்லாம ரிப்கன முடிக்க முடியாது. 1982 மே 30லேர்ந்து 1998 செப்டம்பர் 19 வரைக்கும் ஒரு மேட்ச்கூட விடல, வரிசையா 2,632 மேட்ச். வருஷத்துக்கு 162 மேட்ச், கிட்டத்தட்ட தினமும். அதுலயும் 1987 செப்டம்பர் வரைக்கும் 8,243 இன்னிங்ஸ் ஒரு இன்னிங்ஸ்கூட வெளிய உக்காரல, டொரான்டோட்ட 18-3ன்னு அடி வாங்கிட்டிருந்த மேட்ச்ல மேனேஜர் வெளிய எடுத்தாரு. அந்த மேனேஜர் அவங்க அப்பா. செகண்ட் பேஸ்ல தம்பி பில்லி. அடுத்த வருஷம் முதல் ஆறு மேட்ச் தோத்ததும் அப்பாவ வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க, டீம் மொத்தம் 21 மேட்ச் வரிசையா தோத்துச்சு. மகன் தினமும் அதே மைதானத்துல போய் நின்னாரு. எனக்கு 2,632ஐ விட அந்த ஏப்ரல்தான் பெருசாத் தெரியும்.

1995 செப்டம்பர் 6, இதுல பழைய சாதனையான லூ கெஹ்ரிக்கோட 2,130 மேட்ச் உடைஞ்ச ராத்திரி. முந்தின வருஷம் ஆட்டக்காரங்க வேலைநிறுத்தத்துல வேர்ல்டு சீரிஸே ரத்தாயி ஜனங்க வெறுத்துப் போயிருந்த நேரம். அஞ்சாவது இன்னிங்ஸ் பாதில மேட்ச் கணக்குல ஏறினதும் கைதட்டல் 22 நிமிஷம் நிக்கல, ரிப்கன் மைதானத்தச் சுத்தி ஓடி ரசிகர்கள்ட்ட கை குடுத்தாரு. அன்னிக்கு ஹோம் ரனும் அடிச்சாரு.

ஆனா படிக்கறப்ப கேள்வியும் கேளுங்க. 1990ல .250, 1992ல .251, நடுவுல 1991ல .323, 34 ஹோம் ரன், டீம் 95 மேட்ச் தோத்தும் இவருக்கு எம்விபி. அப்பப்ப ரெண்டு நாள் ஓய்வு எடுத்திருந்தா அந்த மோசமான வருஷங்கள் இன்னும் நல்லா இருந்திருக்குமான்னு அப்பவே சண்டை போட்டாங்க. எடுத்திருக்கலாம்னுதான் எனக்குத் தோணும், கெஹ்ரிக் ஃபர்ஸ்ட் பேஸ், இவரு பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப், உடம்புக்கு ஒரே கூலி இல்ல. 1998 செப்டம்பர் 20 அன்னிக்கு அவரே மேனேஜர்ட்ட போய் என் பேர எடுத்துருங்கன்னு சொன்னாரு. எதிர்ல இருந்த யாங்கீஸ் ஆளுங்க படியேறி வந்து நின்னு கைதட்டினாங்க.

கடைசி வருஷமும் ஓட்டும்

ஆடுறத நிறுத்தி அஞ்சு வருஷம் கழிச்சுதான் ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டுல பேரு வரும், பேஸ்பால் எழுதற நிருபர்கள் போடற ஓட்டு, 75 சதவீதம் வேணும், பத்து வருஷம் வரைக்கும் வாய்ப்பு. ரிப்கனுக்கு 2007ல முதல் தடவையே 98.5 சதவீதம்.

2001 ஆல் ஸ்டார் மேட்ச், சியாட்டில், அது அவரோட கடைசி சீசன். தேர்டு பேஸ்ல போய் நின்னவர, ஷார்ட்ல இருந்த ரோட்ரிக்ஸ் வந்து, நீங்க அங்க போங்கன்னு தள்ளி தன் இடத்துல நிறுத்திட்டு தேர்டுக்குப் போனாரு. இடம்னா என்னன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அதே வருஷம் அக்டோபர் 6, பால்டிமோர்ல கடைசி மேட்ச், ஒன்பதாவது இன்னிங்ஸ், அடுத்தது ரிப்கன் பேட் பண்ணணும், பேட்டோட காத்துட்டு நிக்கிறாரு, முன்னாடி ஆடின பிராடி ஆண்டர்சன் ஸ்ட்ரைக் அவுட். முடிஞ்சது.

இப்ப நீங்க பண்ண வேண்டியது

ஆடிட்டு இருக்கற ஒரு இன்ஃபீல்டர எடுத்துக்கோங்க. ஒரு தாள்ல வருஷம், வயசு, எந்த இடத்துல எத்தன மேட்ச்னு மட்டும் மூணு கட்டம் போட்டு எழுதுங்க, பேட்டிங்க கடைசியா எழுதுங்க. அப்புறம் மேட்ச் பாருங்க, அமெரிக்காவோட கிழக்குப் பக்கம் நைட் மேட்ச்னா நமக்கு காலைல நாலரை மணி வாக்குல ஆரம்பிக்கும், காபி போட்டு வச்சுக்கோங்க. பிட்சர பாக்காதீங்க. பந்து கைய விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி ஷார்ட்ஸ்டாப் கால் எந்தப் பக்கம் நகருதுன்னு பாருங்க, டிவி காட்டுற அளவுக்குத்தான் தெரியும், ஆனா ஒரு பத்து மேட்ச்ல கண்ணு பழகிடும்.